உடம்புக்கும் ஒரு கணக்கு நோட்டு: புதிதாகத் தொடங்குவோருக்கு

சேலத்தில் சனவரி பிறந்தால் நகைக்கடை, மருந்துக்கடை, சீட்டுக் கம்பெனி, ஆடிட்டர் அலுவலகம் என்று நான்கு இடங்களிலிருந்தாவது வீட்டுக்கு டைரி வந்து சேர்ந்துவிடும். பொங்கல் வரை அது மேசைமேல் மரியாதையாக இருக்கும். அதன் பிறகு சலவைக் கணக்கு எழுதவும் பிள்ளைகள் படம் வரையவும் போய்விடும். அதே வீட்டுச் சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரின் கதை வேறு. பால் வராத நாளில் ஒரு சுழி, சிலிண்டர் மாற்றிய தேதி, தண்ணீர் கேன் இறக்கியதற்கு ஒரு கோடு, மகளிர் குழுத் தவணை கட்ட வேண்டிய நாளில் ஒரு வட்டம் என்று பன்னிரண்டு மாதமும் அதில் எழுத்து விழுந்துகொண்டே இருக்கும். காலண்டர் நம்மிடம் கேட்பது மிகக் கொஞ்சம். பேனா அதன் பக்கத்திலேயே தொங்குகிறது. மாதக் கடைசியில் பால்காரருக்குப் பணம் கொடுக்கும்போது அந்தச் சுழிகள் உண்மையாகவே பயன்படுகின்றன. பரிசாக வரும் டைரிக்கு இந்த மூன்றும் இல்லை. உடல்நலத்தையும் மனநலத்தையும் பதிந்து வைக்க ஒரு பிளானர் தொடங்க நினைப்பவர்கள் அதைக் காலண்டரின் முறையில் அமைத்துக்கொண்டால் அது நிலைக்கும் என்பதே என் அனுபவம். கீழே சொல்லும் படிகள் அனைத்தும் அதிலிருந்து வந்தவை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 'செல்ஃப் கேர்' என்பதற்குத் தமிழில் பொருத்தமாக ஒரு சொல் தேடினால் 'தன்னலம்' என்று வந்து நிற்கிறது, அதற்கோ சுயநலம் என்று பொருள். 'சுய பராமரிப்பு' என்றாலோ வண்டியைச் சர்வீசுக்கு விடுவது போல இருக்கிறது. பஸ் ஏறுகிறவரிடம் "உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்கிறோமே, அந்தப் பார்த்துக்கொள்ளல்தான் இங்கே பேசப்படுவது. பிறரிடம் அதைச் சொல்லத் தயங்காத நமக்கு, நமக்கே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் ஏனோ கூச்சம் வந்துவிடுகிறது.

நோட்டு வாங்கும் நாள்

சில ஆண்டுகளுக்கு முன் முதல் அக்ரகாரத்தில் ஒரு கடையில் கனமான அட்டை போட்ட பிளானர் ஒன்றை 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்குப் பதினான்கு கட்டங்கள்: எட்டு டம்ளர் தண்ணீருக்கு எட்டுப் படங்கள், பழம், காய்கறி, தியானம், தோல் பராமரிப்பு, நன்றி சொல்ல மூன்று விஷயங்கள், இன்றைய பொன்மொழி. ஒரு நாளை நிரப்ப அரைமணி நேரம் பிடித்தது. என் நலத்துக்காக வாங்கிய புத்தகம் என் தூக்கத்திலிருந்தே அந்த அரைமணியை எடுத்துக்கொண்டதால், மூன்றாவது வாரம் அதை மூடி வைத்தேன். அச்சிட்ட தேதி இருக்கும் புத்தகத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. நான்கு நாள் விட்டுவிட்டால் நான்கு வெற்றுப் பக்கங்கள் நம்மையே முறைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது, பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு. கட்டம் ஏற்கெனவே இருப்பதால் கோடு போடும் வேலை பாதியாகக் குறையும், தேதி அச்சிடப்படாததால் எந்த மாதத்திலும் தொடங்கலாம், கைப்பையிலும் அடங்கும். பேனாவை ஒரு நூலில் கட்டி நோட்டோடு சேர்த்துவிடுங்கள். பேனா தேடும் இரண்டு நிமிடத்தில்தான் பாதிப் பேருடைய பழக்கம் முறிகிறது. பரிசாக வந்த டைரியைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள், முன்பக்கத்தில் ஒரு மாதம் முழுவதையும் ஒரே பக்கத்தில் காட்டும் தாள்கள் இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியில் செயலிகள் இருக்க நோட்டு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுவதில் கைப்பேசி கெட்டிக்காரன். இரவு பத்து மணிக்கு அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதற்காகத் திறந்தால், குடும்பக் குழுவில் வந்திருக்கும் ஐம்பது செய்திகளையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவோம் என்பதால், அந்த எண்ணை மாலையிலேயே பார்த்து நோட்டில் எழுதிவிடுவது நல்லது.

முதல் ஏழு நாள்: எழுதுவது மட்டும்

பலரும் முதல் நாளிலேயே இலக்கு வைத்து விடுகிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுவேன், ஒரு மணி நேரம் நடப்பேன், இனிப்பைத் தொடமாட்டேன் என்று முதல் பக்கத்தில் எழுதுவது கோயிலில் வேண்டுதல் வைப்பதைப் போன்றது. அதற்கும் பதிவுக்கும் தொடர்பு இல்லை. முதல் ஏழு நாளும் எதையும் மாற்றாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எதைச் சாப்பிட்டீர்கள், எதைச் சாப்பிடாமல் விட்டீர்கள், எங்கே வலித்தது, மனம் எப்படி இருந்தது என்று ஐந்தாறு வரி போதும்.

என் முதல் வாரத்துச் செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது: "படுத்தது 11.40. எழுந்தது 4.30, தண்ணீர் வந்தது. காபி 2. டிபன் இல்லை. நடக்கவில்லை. மதியம் 3 மணிக்குத் தலைவலி, மாத்திரை. மாலை தட்டுவடை செட். எரிச்சல், காரணம் தெரியவில்லை." காரணம் தெரியவில்லை என்று எழுதிய வரிக்கு மேலேயே அது இருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளில் முன்னதாகவே எழுந்து குடம் குடமாகப் பிடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று டிபனை விட்டுவிட்டு அலுவலகம் போன நாள்களில்தான் தலைவலி வந்துகொண்டிருந்தது என்பது நான்கு வாரம் எழுதிய பிறகே புலப்பட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அதற்கு முன் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதுவதை அன்றன்றைக்கே எழுத வேண்டும். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் சிறியதொரு கொலுசுப் பட்டறை நடத்தினார். காலையில் வேலையாளுக்குக் கொடுத்த வெள்ளி இத்தனை கிராம், மாலையில் திரும்பி வந்த சரக்கு இத்தனை, துண்டு துணுக்கு இத்தனை, சேதாரம் இத்தனை என்று தராசு தட்டு நிற்கும்போதே நீள நோட்டில் எழுதிவிடுவார். ஒருநாள் மின்சாரம் போயிருந்தபோது, "நாளைக்கு எழுதிக்கலாமேப்பா" என்றேன். "நாளைக்கு எழுதினா அது கணக்கு இல்ல கண்ணு, கதை" என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதி முடித்தார். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். மூன்று நாள் கழித்து நினைவிலிருந்து எழுதினால், நாம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோமோ அதைத்தான் எழுதுவோம்.

எட்டாம் நாள்: நான்கு பத்தி

எட்டாம் நாள் அந்த ஏழு நாளையும் ஒருமுறை படித்துவிட்டு, புதிய பக்கத்தில் ஸ்கேல் வைத்து மாதக் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் 1 முதல் 31 வரை மேலிருந்து கீழாகத் தேதிகள். அவற்றுக்கு வலப்புறம் நான்கு பத்திகள். கடைசியில் ஒரு வரி எழுத அகலமான இடம். ஒரு மாதம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அமைப்பு. நாளுக்கொரு பக்கம் என்று எழுதினால் தலைவலியும் டிபனும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நிற்கவே மாட்டா.

நான்குக்கு மேல் பத்தி வேண்டாம். எவற்றைத் தேர்வது என்பதற்கு ஒரே சோதனை: இந்த எண் ஏறினாலோ இறங்கினாலோ நான் எதையாவது மாற்றிச் செய்வேனா? மாற்ற மாட்டேன் என்றால் அந்தப் பத்தி அலங்காரத்துக்கு இருக்கிறது என்று பொருள். என் நோட்டில் தூக்க நேரம், காலை டிபன், நடை, மனம் ஆகிய நான்கும் இருக்கின்றன. ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கும் என் அத்தை மகள் தண்ணீருக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறாள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், திசம்பர் பனியில் இருப்பவர்களுக்குத் தாகமே தெரிவதில்லை. காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு டம்ளர் என்று நாள் ஓடிவிடுகிறது. பாட்டில் எடுத்துப் போகாத வாரங்களிலேயே தனக்கு நீர்க்கடுப்பு வந்தது என்பதை அவள் அந்தப் பத்தியிலிருந்துதான் கண்டுகொண்டாள். ஏப்ரல், மே மாதத்துச் சேலம் வெயிலில் கீழே இருப்பவர்களுக்கும் அந்த இரண்டு மாதம் மட்டும் தண்ணீருக்கு ஒரு பத்தி ஒதுக்குவது தகும். மற்ற மாதங்களில் எனக்கு அது தேவைப்படவில்லை. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவருக்கு முதுகு வலியும், கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகிறவருக்குக் கண் எரிச்சலும் பத்தியாக வேண்டும். அடுத்தவர் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்வதில் பயனில்லை.

பத்தியின் தலைப்பை அளக்கக்கூடிய சொல்லாக எழுதுங்கள். 'உடற்பயிற்சி' என்று எழுதினால் மாடிப்படி ஏறியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு தினமும் நடக்கும். 'நடை, நிமிடத்தில்' என்று எழுதினால் வழக்கே இல்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். காந்தி ஸ்டேடியத்தில் சுற்றி வந்தாலும் சரி, சூரமங்கலம் உழவர் சந்தைக்கு நடந்தே போய்க் காய்கறிப் பையோடு திரும்பினாலும் சரி, நிமிடத்தைத்தான் கணக்கில் எழுதுகிறோம். இப்போது வாரத்துக்கு நாற்பது நிமிடம்தான் நடக்கிறீர்கள் என்றால் அடுத்த வாரத்துக்கு அறுபது என்று எழுதுங்கள். 150 தானாக வரும்போது வரட்டும்.

புதுப் பழக்கத்தை ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையின் வாலில் கட்டுவது நல்ல உத்தி. 'தினமும் நடப்பேன்' என்று எழுதுவதைக் காட்டிலும் 'பால் காய்ச்சி இறக்கியதும் செருப்பைப் போடுவேன்' என்று எழுதுவது நிற்கும்; இன்ன நேரம் வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் திட்டத்தின் வலிமையை உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1999இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நம்பித் தொடங்குகிறவர்கள் இருபத்திரண்டாம் நாள் ஏமாந்து போகிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்றும், நடுவாக 66 நாள் ஆகிறது என்றும் தெரியவந்தது. அதே ஆய்வில், இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் வெளிப்பட்டது. எனக்கு ஆறுதல் தந்தது இந்த இரண்டாவது செய்திதான்.

எழுதும் நேரம் இரவில் மூன்று நிமிடம். நோட்டு தலையணைக்குப் பக்கத்திலோ, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலோ இருக்கட்டும். உருக்காலையிலும் நூற்பாலையிலும் ஷிப்ட் பார்க்கிறவர்கள் நள்ளிரவு பன்னிரண்டு மணியை நாளின் எல்லையாக வைத்தால் கணக்கு குழம்பும். ஒரு தூக்கத்திலிருந்து அடுத்த தூக்கம் வரை ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, அன்று எந்த ஷிப்ட் என்பதை ஓரத்தில் குறித்துவிட்டால், எந்த ஷிப்டில் உடம்பு கெடுகிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

அசதியா, அலுப்பா, சலிப்பா

மனத்துக்கான பத்தியில் பலர் சிரித்த முகம், அழுத முகம் வரைகிறார்கள். சிலர் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் சொற்களுக்குத் திரும்பினேன். மதிப்பெண் 2 என்று எழுதிய நாளை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அது எப்படிப்பட்ட இரண்டு என்று நினைவில்லை. 'கலக்கம்' என்று எழுதியிருந்தால் நினைவிருக்கிறது.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய வசதி செய்து கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'டயர்டு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நாம் களைப்பு, அசதி, அலுப்பு, சோர்வு, சலிப்பு என்று பிரித்து வைத்திருக்கிறோம். வேலை செய்ததால் வந்தது களைப்பு. உட்கார்ந்து ஒரு மோர் குடித்தால் போய்விடும். தூக்கம் போதாததால் கை கால் கனத்துக் கிடப்பது அசதி. ஊருக்குப் போய்வந்த உடம்புக்கு அலுப்பு. வெந்நீரில் குளித்தால் தீரும். உள்ளிருந்தே எழ மனம் வராமல் இருப்பது சோர்வு. செய்ததையே செய்துகொண்டிருப்பதால் வருவது சலிப்பு. எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அது போகாது. அகராதி இப்படிக் கறாராகப் பிரிக்காமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் வழங்குகிறதோ அதையே வைத்துக்கொண்டு, நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பட்டியலாக எழுதிவிடுங்கள். பிறகு தினமும் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து எழுதினால் போதும். ஒரு மாதம் நான் 'சலிப்பு' என்று பதினொரு நாள் எழுதியிருந்தேன். அதுவரை சீக்கிரம் படுப்பதுதான் மருந்து என்று எண்ணிப் படுத்துக்கொண்டிருந்தவள், ஒன்பது மாதமாக ஒரு தோழியைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

மனத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தால் அதற்கு ஒரு வரி போதாது. நோட்டின் பின்பக்கத்திலிருந்து திருப்பி, கால்மணி நேரம் நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத்துப்பிழை, அழகு எதையும் பார்க்க வேண்டாம், திரும்பப் படிக்கவும் வேண்டாம். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால் தனித்தாளில் எழுதிக் கிழித்துப் போடலாம். கூட்டுக் குடும்பத்தில் இந்த அச்சம் இல்லாதவர் யார்? முன்பக்கத்துப் பத்திகளுக்கும்கூட உங்களுக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பி.பி., சுகர், மாதவிலக்கு

இவை இருப்பவர்கள் மாதக் கட்டத்தில் இவற்றைத் திணிக்காமல் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும். அந்தப் பக்கம் மருத்துவரின் கண்ணுக்கும் போகப் போகிறது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் அதற்கு முந்தைய அரைமணி நேரம் காபி, டீ, புகை தவிர்த்து, முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் அளந்து, இரண்டு எண்களையும் நேரத்தோடு எழுதுங்கள். கூடுதலாக வந்ததை விட்டுவிட்டுக் குறைந்ததை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். மருத்துவர் மருந்தின் அளவை அந்த எண்களை வைத்தே தீர்மானிக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிறா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். அது இல்லாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்துதான் அந்த இரண்டு மணி நேரம்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மே மாதத்தில் அவர் எண்கள் ஏறுவது மாத்திரை வேலை செய்யாததால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேலத்தில் பிறந்துவிட்டு மாம்பழக் காலத்தில் மாம்பழம் சாப்பிடாதே என்று ஒருவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆகவே சர்க்கரை எண்ணுக்குப் பக்கத்தில் மாம்பழத்துக்கு ஒரு சின்னக் கட்டம் மட்டும் போட்டுக் கொடுத்தேன். "பால் கணக்கு மாதிரி இதுக்கும் ஒரு கணக்கா?" என்று சிரித்தவர், இரண்டே வாரத்தில் தாமாகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முழு மல்கோவா என்பதிலிருந்து மதியத்தில் இரண்டு துண்டு என்பதற்கு இறங்கினார். மாத்திரையின் அளவை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. நோட்டைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவருடைய வேலை. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பணியாளர்கள் சொல்லும் எண்களையும் இதே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

மாதவிலக்குக் கணக்கைப் பெண்கள் பலரும் சமையலறைக் காலண்டரில் யாருக்கும் புரியாத ஒரு புள்ளியாக வைத்துத்தான் வந்திருக்கிறார்கள். சனவரியில் காலண்டர் மாறும்போது அந்தப் புள்ளிகளும் குப்பைக்குப் போய்விடும் என்பது மட்டுமே அதன் குறை. நோட்டில் ஒரு பக்கத்தில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வலி எப்படி என்று மூன்று மட்டும் எழுதுங்கள். ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இருப்பது இயல்பு. அதற்கு வெளியே திரும்பத் திரும்பப் போனாலும், போக்கு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மகப்பேறு மருத்துவரிடம் போனாலும் கடைசியாக எப்போது வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும், நாம் கூரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமைக் கால்மணி

எழுதுவதில் பாதிப் பயன்கூட இல்லை, எழுதியதைப் படிப்பதில்தான் இருக்கிறது. பால் கணக்கைக் கூட்டிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை, அல்லவா? வாரத்துக்கு ஒருமுறை, கறிக்கடைக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் நடுவில் கிடைக்கும் கால்மணியில், நோட்டை எடுத்து ஒவ்வொரு பத்தியாக மேலிருந்து கீழ் வரை பாருங்கள். பிறகு மோசமான ஒரு நாளைப் பிடித்து இடமிருந்து வலமாகப் படியுங்கள். அதற்கு முந்தைய நாளையும் சேர்த்துப் படியுங்கள், ஏனென்றால் இன்றைய உடம்பு பெரும்பாலும் நேற்றைய இரவின் கணக்கு. ஒன்றோடொன்று சேர்ந்து வருவது போல் ஏதாவது தெரிந்தால் உடனே முடிவு கட்டிவிடாமல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். என் தலைவலிக்கு முதலில் மாலைத் தட்டுவடை செட்டைத்தான் சந்தேகப்பட்டேன். அது பாவம், தலைவலி வந்த பிறகே சாப்பிட்டது என்று நேரம் எழுதியிருந்ததால் தப்பியது.

அடுத்த வாரத்துக்கு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய இரவில் ஒன்பதரைக்குப் படுப்பது என்று நான் மாற்றினேன்; கூடவே இட்லி மாவை முந்தைய நாளே தயாராக வைக்கலாம், காபியைக் குறைக்கலாம், கண் பரிசோதனைக்கும் போகலாம் என்று தோன்றியது. நான்கையும் ஒரே வாரத்தில் செய்திருந்தால் எது பலித்தது என்று தெரிந்திருக்காது. படுக்கும் நேரத்தை மாற்றியதில் தலைவலி வாரம் இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. டிபனை விடாமல் சாப்பிடத் தொடங்கிய பிறகு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

விட்டுப்போன நாள்கள்

கட்டாயம் விட்டுப்போகும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் சேலத்து வீடுகளில் உறவினர் நிரம்பி வழியும்போது, இரவு உட்கார்ந்து தூக்கக் கணக்கு எழுதுகிறவரை விசித்திரமாகத்தான் பார்ப்பார்கள். அந்த நாள்களின் மேல் நெடுக ஒரு கோடு இழுத்து 'பண்டிகை' என்று எழுதிவிட்டு, விருந்தாளிகளை வண்டி ஏற்றிய மறுநாள் தொடருங்கள். காய்ச்சல், கல்யாணம், துக்கம், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். செய்யாத நாளுக்குப் பெருக்கல் குறி போட வேண்டாம். பள்ளியில் தவறான விடைக்கு வாங்கிய சிவப்புக் குறியின் நினைவு எந்த வயதிலும் போவதில்லை. ஒரு சிறு கிடைக்கோடு போதும். பத்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் நான்கு பத்தியை இரண்டாகக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நோட்டு போதாத இடம்

'சோர்வு', 'கலக்கம்', 'எதிலும் பிடிப்பில்லை' போன்ற சொற்கள் இரண்டு வாரம் ஏறக்குறைய எல்லா நாளும் தொடர்ந்து வந்திருந்தால், அதோடு தூக்கமோ பசியோ மாறியிருந்தால், பத்தியைத் திருத்தி அமைத்துப் பயனில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையில் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருநாள் வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே அழைக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. சிலருக்கு எழுத எழுதக் கணக்கே கவலையாகிவிடும்: ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுவது, நாளுக்கு மூன்று முறை எடை பார்ப்பது, எட்டு மணி நேரம் தூங்கவில்லையே என்ற பதற்றத்தில் ஆறு மணி நேரத் தூக்கத்தையும் இழப்பது. அப்படி நேர்ந்தால் அந்தப் பத்தியை உடனே அடித்துவிடுங்கள். சாப்பாட்டைப் பற்றியும் உருவத்தைப் பற்றியும் ஏற்கெனவே வேதனை இருப்பவர்கள் உணவு, எடை இரண்டையும் நோட்டில் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

மாதக் கடைசி

மாதம் முடியும் நாளில் ஒவ்வொரு பத்தியின் அடியிலும் ஒரே ஒரு எண் எழுதுங்கள்: எத்தனை நாள் டிபன், மொத்தம் எத்தனை நிமிடம் நடை, சராசரியாக எத்தனை மணி நேரத் தூக்கம், எந்தச் சொல் அதிகமுறை வந்தது. தானாக நடக்கத் தொடங்கிவிட்ட பழக்கத்தின் பத்தியை அடுத்த மாதம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவரலாம். எனக்கு டிபன் பத்தி இப்போது இல்லை. பின்னட்டையின் உள்பக்கத்தில் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை எழுதி, மருந்து மாறும்போதெல்லாம் திருத்துங்கள். பிறகு அடுத்த பக்கத்தில் தேதிகளை எழுதி, கோடு போட்டு, பேனாவின் நூல் அறுந்திருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிக் கட்டிவிடுங்கள்.